35 நாள் ஏன்? தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கிற கணக்கு

"ஒரேயடியா வைச்சு முடிக்கேலாதே தம்பி?"

பெரியப்பா இதைக் கேட்டது ஒரு மாசி மாதத்தில். குரல்வளையில் கட்டி, பரிசோதனையில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது, சத்திரசிகிச்சை செய்து குரல்வளையை எடுக்காமலே கதிர்ச் சிகிச்சையாலும் மருந்தாலும் பார்க்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆனால் 35 நாள் கரண்ட் பிடிக்க வேண்டும், சனி ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் வர வேண்டும். வன்னியில் எங்கள் முள்ளியவளையிலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்கு ஒரு பக்கமே 100 கிலோமீற்றருக்கு மேல். வயலில் காலபோக நெல் நிற்கிறது. அவர் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை, எந்தக் கமக்காரனும் கேட்கிற கேள்விதான் அது. நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன், அப்படியிருந்தும் அன்றைக்கு என்னிடம் சரியான பதில் இருக்கவில்லை. பிறகு தேடிப் படித்து, அங்கே வேலை செய்கிற பௌதிகவியலாளரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், ஏனென்றால் வன்னியிலிருந்து இப்படிப் போகிற குடும்பங்களை நான் இப்போதும் பஸ்ஸில் காண்கிறேன். நாலாம் கிழமையில் "கட்டி கரைஞ்சிட்டுது, இனிப் போதும்" என்று திரும்பி வருகிறவர்களையும் கண்டிருக்கிறேன்.

முதலில் அந்தக் கரண்ட் என்ற சொல். நாங்கள் எல்லோரும் கரண்ட் பிடிக்கிறது என்றே சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் உடம்புக்குள் மின்சாரம் எதுவும் போவதில்லை. போவது எக்ஸ்ரே, நெஞ்சுப் படம் எடுக்கிற அதே வகைக் கதிர், சக்தி மட்டும் பல மடங்கு கூட. லீனியர் அக்சிலரேட்டர் என்ற மெசினில் மின்சாரத்தால் அதை உண்டாக்குகிறார்கள். கோபால்ட் மெசினில் கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகத்திலிருந்து அதே மாதிரியான காமாக் கதிர் வருகிறது. மெசின் நின்றால், அல்லது கோபால்ட்டின் மூடி மூடினால், கதிரும் நின்றுவிடும். உடம்பில் எதுவும் தங்காது. பெரியம்மா முதல் கிழமை முழுக்கப் பேரப்பிள்ளைகளை அவருக்குக் கிட்டப் போக விடவில்லை, அந்தக் கிழமை அவருக்கு எவ்வளவு தனிமையாக இருந்திருக்கும் என்று நினைக்க இன்றைக்கும் மனம் கஷ்டப்படும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வெளியிலிருந்து கதிர் வாங்கியவர் பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம்.

சரி, அளவுக்கு வருவோம். நெல்லை மூடையில் அளக்கிறோம், கதிரைக் கிரே என்ற அலகில் அளக்கிறார்கள். ஒரு கிலோ உடல் திசு ஒரு ஜூல் சக்தியை உறிஞ்சினால் அது 1 கிரே. அதில் நூறில் ஒரு பங்கு சென்டிகிரே. தொண்டைப் புற்றுநோய்க்கு, சத்திரசிகிச்சை இல்லாமல் கதிரை நம்பியே மாற்றப் பார்க்கும்போது, உலகம் முழுக்கப் பரவலாகக் கொடுக்கிற அளவு 70 கிரே. ஒரு நாளைக்கு 2 கிரே, 35 நாள். திங்கள் தொடங்கினால் ஏழாவது கிழமை வெள்ளி முடியும், கலண்டரில் 47 நாள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு மிச்சத்தை அழிக்கக் கொடுப்பதென்றால் 60 முதல் 66 கிரே வரை. குரல் நாணில் மட்டும் நிற்கிற ஆரம்பக் கட்டிக்கு ஒரு நாளைக்கு 2.25 கிரேயாக 28 நாள், மொத்தம் 63 கிரே என்ற முறையும் உண்டு. ஆகவே பக்கத்துக் கட்டில்காரருக்கு 28, உங்களுக்கு 35 என்றால் யாரோ பிழை விட்டுவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம், நோய் இருக்கிற இடமும் அளவும் வேறு.

70 கிரே என்பது எவ்வளவு சக்தி என்று வகுப்பில் பிள்ளைகளிடம் கணக்குப் போடச் சொன்னேன். ஒரு கிலோ தண்ணீரை 1 பாகை சூடாக்க ஏறத்தாழ 4,200 ஜூல் வேண்டும். 70 ஜூலை அதால் பிரித்தால் 0.017 பாகை. ஏழு கிழமைக் கதிர் முழுவதையும் ஒரே நேரத்தில் ஊற்றினாலும் கழுத்து பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் சூடாகும். அப்படியானால் தோல் ஏன் கறுத்து உரிகிறது, வாய் ஏன் புண்ணாகிறது? கதிர் சுடுவதில்லை, கலத்துக்குள் இருக்கிற டிஎன்ஏ இழையை அறுக்கிறது. சின்னச் சக்திதான், ஆனால் விழுகிற இடம் அப்படி. இதே கதிர் 4 அல்லது 5 கிரே அளவில் ஒரே தடவையில் முழு உடம்பிலும் பட்டால், வைத்தியம் இல்லாவிட்டால் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். கழுத்தின் ஒரு சிறு பகுதிக்கு மட்டும், துண்டு துண்டாகக் கொடுப்பதால்தான் 70 கிரே வரை போக முடிகிறது.

இந்தத் துண்டு போடுகிற வித்தை பாரிசில் ஒரு செம்மறிக் கடாவிலிருந்து தொடங்கியது. முதல் உலகப் போருக்குக் கொஞ்சம் முன்னும் பின்னுமான காலத்தில் குளோட் ரெகோ என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் கடாக்களைக் கதிரால் மலடாக்கிப் பார்த்தார்கள். ஒரே தடவையில் கொடுத்தபோது தோல் வெந்து புண்ணாகாமல் மலடாக்க முடியவில்லை. பல நாட்களாகப் பிரித்துக் கொடுத்தபோது தோல் தப்பியது, விந்து உண்டாக்கும் கலங்கள் அழிந்தன. விரைந்து பெருகும் கலம் புற்றுக்கலம் மாதிரி, தோல் நல்ல திசு மாதிரி என்று அவர்கள் யோசித்தார்கள். அதே பாரிசில் ஆன்றி கூத்தார் என்ற டொக்டர் இதை மனிதரில் செய்து, 1922இல் குரல்வளைப் புற்றுநோய் முற்றியவர்கள் கதிரால் மட்டும் சுகமானதை மருத்துவ மாநாட்டில் காட்டினார். ஆக, நாள் நாளாகக் கதிர் கொடுக்கிற வழக்கம் முதலில் நிரூபிக்கப்பட்ட நோய்களில் ஒன்றே பெரியப்பாவின் நோய்தான்.

இப்போது அவர் கேள்விக்குக் கணக்காலேயே பதில் சொல்லலாம். கதிர் மருத்துவத்தில் ஒரு சூத்திரம் இருக்கிறது, பத்தாம் வகுப்புப் பிள்ளையும் போடலாம்: மொத்த அளவை, (1 + ஒரு நாள் அளவு ÷ திசுவின் எண்) என்பதால் பெருக்க வேண்டும். திசுவின் எண் இந்த வகைப் புற்றுக்கு ஏறத்தாழ 10. முள்ளந்தண்டு நரம்பு, தாடை எலும்பு, தோலுக்குக் கீழான தசை போன்ற, மாதக்கணக்குக்குப் பிறகு பாதிப்பைக் காட்டுகிற நல்ல திசுக்களுக்கு ஏறத்தாழ 3. வழமையான 70 கிரேயைப் போட்டுப் பாருங்கள். புற்றுக்கு 70 × (1 + 2/10) = 84. நல்ல திசுவுக்கு 70 × (1 + 2/3) = 117. இனி, பெரியப்பா கேட்ட மாதிரிச் சுருக்கி நாலே நாளில் முடிக்கிறோம், நாளுக்கு 10 கிரே, மொத்தம் 40 என்று வைத்துக்கொள்வோம். புற்றுக்கு 40 × (1 + 10/10) = 80, பரவாயில்லை, 84க்குக் கிட்ட நிற்கிறது. நல்ல திசுவுக்கு 40 × (1 + 10/3) = 173. புற்றில் விழுகிற அடி கொஞ்சம் குறைந்து, நல்ல திசுவில் விழுகிற அடி ஒன்றரை மடங்காகிறது. கட்டி போனாலும் தொண்டை கல்லாக இறுகி, விழுங்க முடியாமல், தாடை எலும்பு செத்துப்போகக் கூடிய நிலை. வயலுக்கு உரத்தை மூன்று தரமாகப் பிரித்துப் போடாமல் ஒரே நாளில் கொட்டினால் பயிர் கருகுவதைப் பார்த்த மனிசன் அவர். கணக்கை இப்படிச் சொன்னதும், "அப்ப சரி" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதியதே அதற்காகத்தான், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

ஒரு கன சென்ரிமீற்றர் கட்டியில் ஏறத்தாழ 100 கோடி கலங்கள் இருக்கும் என்பது வழமையாகச் சொல்லப்படுகிற எண். சின்னத் தேசிக்காய் அளவு கட்டி, 10 கன சென்ரிமீற்றர் என்று வைத்தால் 1,000 கோடி. ஒவ்வொரு நாள் 2 கிரேயும் இருக்கிற கலங்களில் பாதியைக் கொல்கிறது என்று எடுத்துக்கொள்வோம், உண்மையில் ஆளுக்கு ஆள், கட்டிக்குக் கட்டி மாறும், ஆனால் கணக்கைப் பிடிக்க இது நல்ல எண். முதல் நாள் 1,000 கோடி 500 கோடியாகும். அடுத்த நாள் 250. பத்தாம் நாள் முடிய ஒரு கோடிக்குச் சற்றுக் குறைவாக வந்துவிடும். இருபதாம் நாள் ஏறத்தாழ 9,500. செத்த கலங்களை உடம்பு துப்புரவாக்கக் கொஞ்சம் நாள் எடுக்கும், ஆனாலும் நாலு கிழமை முடிகிறபோது அனேகமாகக் கையால் தடவினால் கட்டி தெரியாது, குரல்கூடத் தெளிந்திருக்கலாம். 9,500 கலத்தைக் கண்ணும் காணாது, விரலும் உணராது, ஸ்கேனிலும் விழாது. முப்பதாம் நாள் ஒன்பது, பத்துக் கலம். முப்பத்தைந்தாம் நாள் முடிகிறபோதுதான் ஒன்றுக்கும் கீழே போகிறது, 0.3. அரைக்கலம் கால்கலம் என்று ஒன்று இல்லை. அதே மாதிரியான பத்துப் பேரை எடுத்தால் ஏழெட்டுப் பேரில் ஒரு புற்றுக்கலமும் மிஞ்சவில்லை என்பதுதான் அந்த எண்ணின் பொருள். ஆக, கட்டி மறைந்து ஆள் சுகமாகிவிட்டார் என்று வீட்டார் நம்புகிற இருபதாம் நாளுக்கும், உண்மையாகவே மாற வழி பிறக்கிற முப்பத்தைந்தாம் நாளுக்கும் நடுவில் இருக்கிற அந்த மூன்று கிழமைதான் முழு வைத்தியமும். வாயில் புண், எச்சில் ஊறாது, தண்ணீர் குடிக்கவே நோகும் என்று ஆள் படுகிற பாடு உச்சத்தில் இருப்பதும் அதே மூன்று கிழமைதான். ஏன் இடையில் விடுகிறார்கள் என்று எனக்கு நன்றாக விளங்கும், அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

மிஞ்சுகிற கலங்கள் சும்மா இருப்பதும் இல்லை. தலை, கழுத்துப் புற்றுநோய்களில் சிகிச்சை தொடங்கி ஏறத்தாழ நாலு கிழமைக்குப் பிறகு, எஞ்சிய கலங்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன என்று 1988இல் விதர்ஸ் என்பவரும் அவருடைய குழுவும் எழுதினார்கள். அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு வெறும் நாளும் ஏறத்தாழ 0.6 கிரேயைத் தின்றுவிடுகிறது. ஒரு கிழமை தள்ளிப்போனால் 4 கிரே, அதாவது இரண்டு நாள் கரண்ட் பிடிக்காமல் விட்டதற்குச் சமன். நோய் கட்டுப்படுகிற வாய்ப்பும் ஒரு நாள் நீள நூற்றுக்கு 1, 1.4 என்ற அளவில் குறைகிறது. பிரித்தானியாவில் கதிர் மருத்துவர்களின் றோயல் கல்லூரி இந்த வகை நோயாளிக்கு மொத்தக் காலம் இரண்டு நாளுக்கு மேல் நீளக்கூடாது என்றே வழிகாட்டல் வைத்திருக்கிறது. அந்தியேட்டி, சாமத்திய வீடு, கோயில் பொங்கல், அறுவடை எல்லாம் எங்களுக்கு முக்கியம்தான். ஆனால் இந்த 47 நாளுக்குள் போகாமல் விடுகிற நாள், பிறகு ஒரு நாள் கூடப் போய்ச் சரிக்கட்டுகிற நாள் இல்லை. போகவே முடியாமல் போனால் உடனே சொல்லுங்கள், அவர்களிடம் வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

சரி, 2 கிரே போகிறது என்று மெசினுக்கு எப்படித் தெரியும்? கழுத்தின் அகலம் 12 சென்ரிமீற்றர் என்று வைப்போம், கட்டி நடுவில், 6 சென்ரிமீற்றர் ஆழத்தில். கதிர் உள்ளே போகப் போகத் தேயும். 6 மில்லியன் வோல்ட் எக்ஸ்ரே ஒன்றரை சென்ரிமீற்றர் ஆழத்தில் உச்சத்தைத் தொட்டு, 6 சென்ரிமீற்றரில் அதன் 83 வீதமாக இறங்கியிருக்கும். மெசினை, அந்த உச்ச இடத்தில் 1 மொனிட்டர் யூனிற்றுக்கு (மெசின் தான் விடுகிற கதிரை எண்ணுகிற அலகு) 1 சென்டிகிரே வருகிற மாதிரி அளவு பார்த்து வைத்திருப்பார்கள். 200 சென்டிகிரேயை ஒரு பக்கத்தால் மட்டும் விட்டால், நடுவில் 200 வர, தோலுக்குக் கிட்ட 241 போய்விடும். அதனால் இடம் 100, வலம் 100. ஒவ்வொரு பக்கமும் 100 ÷ 0.83, ஏறத்தாழ 120 யூனிற். அப்போது ஓரத்தில் இந்தப் பக்கத்து 120ம், அந்தப் பக்கத்திலிருந்து தேய்ந்து வருகிற 78ம் சேர்ந்து 198, நடுவில் 200. கழுத்து முழுக்க ஒரே அளவாகிவிடுகிறது. கதிர் விடுகிற சதுரத்தின் அளவு, இடையில் வைக்கிற ஈய மறைப்பு, ஆப்பு வடிவத் தகடு என்று இன்னும் சில பெருக்கல்கள் சேரும், ஆனால் எலும்புக்கூடு இவ்வளவுதான். இன்றைக்குப் பல கோணங்களிலிருந்து, கதிரின் செறிவையே இடத்துக்கிடம் மாற்றிக் கணினி போடுகிற திட்டங்கள் வந்துவிட்டன, அதன் விடையையும் இன்னொரு வழியில் சரிபார்த்த பிறகுதான் ஆளைப் படுக்க வைக்கிறார்கள்.

கோபால்ட் மெசினில் யூனிற் இல்லை, நேரம். நிமிடத்துக்கு 120 சென்டிகிரே தருகிற கோபால்ட், 6 சென்ரிமீற்றரில் 74 வீதம் என்றால், 100 சென்டிகிரேக்கு 68 செக்கன். கோபால்ட்-60இன் அரைவாழ்வு 5.27 ஆண்டு, அதாவது அவ்வளவு காலம் போனபின் அதே வேலைக்கு 135 செக்கன் வேண்டும். மாதத்துக்கு ஒரு வீதம் அளவில் தேய்கிறது, கணக்கையும் அதற்கேற்றபடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தூரமும் அப்படித்தான். பெற்றோமக்ஸ் வெளிச்சத்திலிருந்து தள்ளிப் போகப் போக மங்குகிற அதே விதி: 80 சென்ரிமீற்றரில் இருக்க வேண்டிய கழுத்து 82இல் இருந்தால் 80/82இன் வர்க்கம், 0.95. இரண்டு சென்ரிமீற்றரில் ஐந்து வீதம் போய்விட்டது.

அதனால்தான் அந்த முகமூடி. 65, 70 பாகைத் தண்ணீரில் போட்டால் துணி மாதிரி இளகுகிற ஒரு பிளாஸ்டிக் வலை, அதை முகத்திலும் தோளிலும் விரித்து அமுக்க, சில நிமிடத்தில் அந்த ஆளின் அச்சாகவே இறுகிவிடும். பெரியப்பாவின் மூக்கும் நாடியும் அதில் அப்படியே தெரிந்தன. ஓரத்தில் ஒட்டிய பிளாஸ்டரில் சிவப்புப் பேனையால் சிலுவைக்கோடு, அறைச் சுவரிலிருந்து வருகிற லேசர்க் கோடு அதில் வந்து விழ வேண்டும். முதல் நாள் மூச்சு முட்டுகிறது என்று கையைத் தூக்கினார், நிறுத்திக் கழற்றி, கொஞ்சம் பேசிவிட்டு மீண்டும் பூட்டினார்கள். வலை முழுக்க ஓட்டை, மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை என்று உடம்பு நம்பவே மூன்று நாள் எடுத்தது. உங்கள் வீட்டு ஆளுக்கும் அப்படியென்றால் முதலே சொல்லிவிடுங்கள். அப்புறம், தாடி வைத்திருப்பவர் முகமூடிக்கு முன்னமே மழித்துவிட்டுப் போவது நல்லது, சிகிச்சை நடக்கிற நாளில் சவர அலகு தோலில் படக்கூடாது.

சாப்பாடும் இந்தக் கணக்குக்குள் வருகிறது. விழுங்க நோகிறது என்று சாப்பிடாமல் விட்டால் ஆள் மெலிவார், கழுத்து சுருங்கும், முகமூடி தொளதொளக்கும், 12 சென்ரிமீற்றருக்குப் போட்ட கணக்கு 11க்குப் பொருந்தாது. மீண்டும் ஸ்கேன், மீண்டும் திட்டம். கறித்தூளை மறந்துவிடுங்கள். பால்கஞ்சி, குழைத்த சோறும் பருப்பும், முட்டை, தயிர், ஆறின சூப் என்று கொஞ்சம் கொஞ்சமாக நாளுக்கு ஆறு ஏழு தரம். மூக்கால் குழாய் போட வேண்டும் என்று டொக்டர் சொன்னால் ஆள் முடிந்துவிட்டார் என்று அழாதீர்கள், எடை விழாமல் பிடித்து வைக்கத்தான் அது.

முள்ளந்தண்டு நரம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டிக்கு 70 வேண்டும், ஆனால் அதற்குச் சில சென்ரிமீற்றர் பின்னால் ஓடுகிற நரம்பு 45 முதல் 50 கிரே வரைதான் தாங்கும். இரண்டு பக்கத்தாலும் நேராகக் கதிர் விடுகிற பழைய முறையில், 40 கிரே தாண்டியதும் கதிர்ச் சதுரத்தின் பின் எல்லையை முன்னுக்கு இழுத்து நரம்பை வெளியே விடுவார்கள், பின்கழுத்து நெறிக்கட்டிகளுக்கு ஆழம் போகாத எலெக்ரோன் கதிரைத் தனியாகக் கொடுப்பார்கள். காதடி எச்சில் சுரப்பி இன்னும் மென்மை, சராசரி 26 கிரேக்குக் கீழே வைத்தால்தான் பிறகு மீண்டும் எச்சில் ஊறும். செறிவு மாற்றுகிற புதிய முறையின் பெரிய லாபம் இதுதான்.

இன்னொன்று, எங்கள் பக்கத்தில் வெற்றிலை போடாத பெரியவர்கள் குறைவு. பாக்கு தன்னாலேயே புற்றுநோயை உண்டாக்கும், புகையிலை சேராவிட்டாலும், என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லிவிட்டது. அது ஒரு பக்கம். மறுபக்கம், வெற்றிலை போட்டுப் போட்டுப் பல் எல்லாம் ஆடுகிற ஆளுக்குக் கதிர் தொடங்குவதற்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்னமே பழுதான பல்லைப் பிடுங்கி ஆற விட வேண்டும். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகலாம், ஐந்து வருடம் போனாலும், பத்து வருடம் போனாலும். எந்தப் பல் டொக்டரிடம் போனாலும் "எனக்குக் கழுத்தில் கதிர் தந்தவை" என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும். சுருட்டையும் சிகரெட்டையும் அந்த ஏழு கிழமைக்காவது அடியோடு விட வேண்டும், புகை இரத்தத்தில் ஒட்சிசனைக் குறைக்கும், ஒட்சிசன் குறைந்த கட்டியில் கதிர் சரியாக வேலை செய்யாது.

தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்கு 2011இல் நாட்டின் தென்கோடியிலிருந்து வடகோடி வரை நடந்தே வந்து நிதி சேர்த்தார்கள், அந்த நடை எங்கள் ஏ9 வழியாகத்தான் போனது. அதற்கு முன்னம் வன்னிச் சனத்தில் பலருக்கு இந்த நோய் என்றாலே கொழும்புக்குப் பக்கத்து மகரகம ஆஸ்பத்திரிதான், மொழி தெரியாத ஊரில் மாதக்கணக்கில். இப்போது கிட்ட வந்திருக்கிறது, ஆனாலும் நாளாந்தம் போய்வரக் கிட்ட இல்லை. பெரியப்பா மல்லாகத்தில் மச்சாள் வீட்டில் தங்கி, வெள்ளி பின்னேரம் முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்துவிட்டு ஊருக்குப் போவார், ஞாயிறு திரும்புவார்.

ஐந்தாம் கிழமை அவர் திரும்பவில்லை. வெட்டு மெசின் திங்கட்கிழமைதான் வந்தது, நெல்லை ஏற்றி முடியச் செவ்வாய் இரவாகிவிட்டது. புதன் காலையில் போனபோது யாரும் ஏசவில்லை. பௌதிகவியலாளர் கொப்பியைப் பார்த்து, விட்டுப்போன இரண்டு நாளையும் ஏழாம் கிழமைக்குப் பிறகு சேர்க்க மாட்டோம், இந்த வெள்ளியும் அடுத்த வெள்ளியும் இரண்டு தரம் பிடிப்போம், ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஆறு மணித்தியாலமாவது இருக்க வேண்டும், நல்ல திசு தன் இழைகளைத் தைத்துக்கொள்ள அவ்வளவு நேரம் வேண்டும் என்றார். 47 நாள் 47ஆகவே நின்றது. அந்த இரண்டு வெள்ளியும் காலை எட்டு மணிக்கு ஒன்று, பின்னேரம் இரண்டரைக்கு ஒன்று. முதல் வெள்ளி, நடுவில் நானும் அவரும் வெளியில் வேப்பமரத்துக்குக் கீழ் இருந்தோம். நான் போத்தலில் கொண்டுபோன பால்கஞ்சியை அவர் கரண்டி கரண்டியாக, ஒவ்வொரு கரண்டிக்கும் கண்ணை மூடி விழுங்கிக்கொண்டு, "இன்னும் எத்தினை கிடக்கு தம்பி?" என்று கேட்டார். "பன்னிரண்டு, பெரியப்பா" என்றேன்.